லோகெய்னைக் கொல்வதா, கூட்டாளி ஆக்குவதா?

2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கணினி விளையாட்டில், பிரபுக்கள் கூடும் லேண்ட்ஸ்மீட் சபையில்தான் இந்தச் சிக்கல் வருகிறது.

மன்னனின் தளபதியான லோகெய்னைக் கொன்றால், நம் தோழன் அலிஸ்டர் நம்மோடு இருப்பான். ஓஸ்டகர் போரில் மன்னனையும், நம் தலைவன் டங்கனையும் லோகெய்ன் கைவிட்டுப் போனதற்கான தண்டனை அது. அவ்வளவுதான்.

உயிரோடு விட்டு, அரக்கப் படையை எதிர்க்கும் நம் கிரே வார்டன் அணியில் சேர்த்தாலோ கதை ஆழமாகிறது. செய்த துரோகத்தைச் சுமந்துகொண்டே லோகெய்ன் நம் பக்கம் நின்று போரிடுவான். கடைசியில் அந்த அரக்கப் படையை நடத்தும் டிராகனான ஆர்ச்டீமனை வீழ்த்தும் அடியைத் தானே கொடுத்து உயிரை விடவும் முடியும். நாட்டுக்கு நல்லதுதான், சரி. ஆனால் அலிஸ்டர்? ஆரம்பத்திலிருந்து கூடவே வந்தவன், டங்கனைத் தகப்பனாக நினைத்தவன், அப்போதே விலகிவிடுவான். அரச ரத்தம் உள்ள அவனுக்கு அரியணையும் கிடைக்காவிட்டால் மிஞ்சுவது மரண தண்டனை, இல்லையென்றால் நாடுகடத்தலும் குடியும். எவ்வளவு பேசினாலும் அவனைத் தடுக்க முடியாது. அப்படி எழுதியதுதான் நியாயம். எழுத்தில் லோகெய்ன் வழியே சிறந்தது. இருந்தாலும் என் ஓட்டு அலிஸ்டருக்குத்தான்.