டைமரா, கைவால்வா? மாடித்தோட்டச் சொட்டுநீருக்கு எது சரி?

சென்னையில் மாடித்தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: டைமர் மாட்டுவதா, கையால் திறந்து மூடும் வால்வே போதுமா? ஓஸ் பைப்பை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அதில் செடிப் பைக்குள் இறங்குவதைவிடத் தளத்தில் ஓடுவதே அதிகம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை.

நான் வால்வைத்தான் மாட்டினேன். ஒரே காரணம், பருவம்.

சாதாரண டைமர் மணி பார்த்துத் திறக்கும். ராத்திரி கொட்டிய மழை அதற்குத் தெரியாது. நம் செடிகளின் தேவையோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கத்திரி வெயிலில் காலையும் மாலையும் விட்டாலும் மதியம் வெண்டை துவண்டு நிற்கும். ஆடி, ஆவணியில் சாயங்காலம் திடீரென்று இடிமழை பெய்தால் மறுநாள் காலை தண்ணீரே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வால்வு பெரும்பாலும் மூடியே கிடக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுத்தான் வரும். நாலு நாள் வெயில் காய்ந்தால் திறந்தாக வேண்டும். தென்னை நார்த்தூள் கலந்த மண் மேலே உலர்ந்து தெரியும், இரண்டு அங்குலம் விரலை விட்டால் கீழே ஈரம் இருக்கும். விரலில் மண் ஒட்டினால் அன்றைக்கு வால்வைத் தொடுவதில்லை.

கணக்கும் பாருங்கள். டிரிப்பரில், அதாவது தண்ணீர் சொட்டும் சின்ன முனையில், மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருப்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு. மாடித் தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் கிட்டத்தட்ட பாதிதான் சொட்டும். அடியில் பாட்டிலை வைத்து அளந்துவிடுவது நல்லது. மணிக்கு 2 லிட்டர் என்றே வைத்தாலும், 40 பைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் விட்டால் 80 லிட்டர். கோடையில் வைத்த டைமரை மழைமாதத்தில் மாற்றாமல் விட்டால், 30 நாளில் 2,400 லிட்டர் வீண். போதாததற்கு வேரும் அழுகும்.

சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் பைகளுக்கு மட்டும் தனி வால்வு வையுங்கள். அங்கே மழை சேராது, கார்த்திகையிலும் தண்ணீர் கேட்கும்.

போர் தண்ணீரின் உப்பு அடைப்பது இரண்டுக்கும் பொது. டிரிப்பரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் சரியாகும்.

டைமருக்குச் சாதகமான விஷயமும் உண்டு. மே மாதம் ஒரு வாரம் ஊருக்குப் போனால், பக்கத்து வீட்டில் சாவி கொடுக்காமல் செடிகள் பிழைக்கும். அடிக்கடி பயணம் போகிறவர்கள் அதையே வாங்கலாம். வாங்கும்போது பால் வால்வு (ball valve, துளையுள்ள உருண்டை சுழன்று திறப்பது) வகையாகப் பாருங்கள். மின்காந்தத்தால் திறக்கும் சோலினாய்டு வகைகளில் பலவும் தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது. மழை உணரி வைத்த டைமரை நான் பயன்படுத்தியதில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தரைத் தோட்டத்திலும், குறிப்பாகக் களிமண்ணில், ஈரம் வெகுநாள் நிற்கும். மேலே சொன்ன இடைவெளிகளை அங்கே நீட்ட வேண்டும்.