திருகோணமலை முற்றத்துக்கு எந்த உள்ளிப்பூ?

வெங்காயப் பாத்தியில் தண்டு எழும்பி வெள்ளைப் பந்தாகப் பூத்ததைக் கண்டவர்களுக்கு அலங்கார அல்லியம் அந்நியமில்லை. வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எல்லாம் அதே அல்லியம் பேரினம்தான்.

படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது அல்லியம் ஜைகாண்டியம். ஒன்றரை மீற்றருக்கு மேல் உயரும் தண்டு, அதன் உச்சியில் ஊதாப் பந்து. அழகில் இதற்கு ஈடில்லை. ஆனால் இது மத்திய ஆசியச் செடி. குளிர்காலம் முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் குளிர்ந்து கிடந்தால்தான் பூந்தண்டு ஒழுங்காக வரும். பூத்து ஓய்ந்தபின் மண் காய வேண்டும். நமக்கோ மார்கழியிலும் அந்தக் குளிர் இல்லை, ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. பிரிட்ஜில் வைத்துக் குளிர் கொடுத்தாலும், பிறகு வளர்வதற்கு நீண்ட மிதமான வசந்தம் எங்கே? காசைக் கொட்டி அழுகிய கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்பேன்.

நான் சொல்வது காலிக் சைவ்ஸ். சீனத்து உள்ளித்தாள். தட்டையான இலை, முழங்கால் உயரத் தண்டில் வெள்ளை நட்சத்திரக் கொத்து, தேனீ மொய்க்கும். வெயில் தாங்கும், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் தண்ணீர் தவறக்கூடாது. மணலோடு எரு கலந்து நட்டு, தூர் பருத்ததும் பிரித்து நடலாம். இலையை ஆம்லெட்டுக்கு நறுக்கலாம். இன்னொரு நன்மை: கோட்டைக்குள்ளும் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் செவ்வரத்தைத் தளிரை மேய்ந்தாலும் உள்ளி வாசத்தைப் பொதுவாக விரும்புவதில்லை. கடும் பசியில் வாய் வைக்காது என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தென்னாபிரிக்காவின் துல்பாகியாவும் நல்ல தெரிவு. உள்ளி மணம், இளம் ஊதாப் பூ, வரட்சி தாங்கும். மாரியில் நீர் தேங்காத தொட்டி போதும்.

மழைலில்லி? முதல் மழைக்கு முற்றமே இளஞ்சிவப்பாகும், பராமரிப்பும் இல்லை. தாவரவியலில் வெங்காயத்தின் தூரத்து உறவு, ஆனால் நஞ்சுள்ளது. பூக்காத காலத்தில் இலை சைவ்ஸ் போலவே இருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே பாத்தியில் நடாதீர்கள். சமையலுக்குக் கிள்ளுமுன் இலையைக் கசக்கி முகருங்கள். உள்ளி மணக்காவிட்டால் சட்டிக்குள் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மழைலில்லியை வேலியோரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.