ஐயாவின் பழைய எழுத்துருவும் என் எடிட்டரும்: நான்கு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் இணையத்தளத்தை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அறிவிப்புகளை எழுதுபவர் கோயில் செயலாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்காக முதலில், இணையப் பக்கத்திலேயே எழுதித் திருத்த உதவும் எடிட்டரான சிகேஎடிட்டர் 4-ஐப் பொருத்தினேன். எத்தனை பொத்தான் கிடைத்ததோ அத்தனையையும் வரிசையாக அடுக்கிவைத்தேன். ஐயா தொட்டது இரண்டைத்தான்: தடித்த எழுத்து, எண் பட்டியல். ஒருமுறை மட்டும் கை தவறி நிறத்தைத் தொட்டார். ஆடித் திருவிழா அறிவிப்பு முழுவதும் வெள்ளைப் பின்னணியில் இளமஞ்சளாக வந்தது. மறுநாளே நிறப் பொத்தானைக் கழற்றினேன்.

2023 ஜூனில் அந்தப் பதிப்பின் இலவச ஆதரவு முடிந்தது. ப்ரோஸ்மிரர் என்ற எடிட்டர் நிரல்தொகுப்பின் மீது கட்டப்பட்ட டிப்டாப் என்ற எடிட்டருக்கு மாறினேன். பத்தி, தலைப்பு, பட்டியல், படம் என்று எதையெதை நாம் அனுமதிக்கிறோமோ அதைத் தவிர வேறெதையும் அது உள்ளே விடாது. அதற்கு விலையும் உண்டு: கருவிப்பட்டையை நாமே செய்துகொள்ள வேண்டும். எனக்கு இரண்டு வாரம் போயிற்று.

மாறிய கையோடு ஐயாவிடமிருந்து அழைப்பு. “தம்பி, வணக்கம் என்று அடித்தால் வவணவணக் என்று வருகிறது.” என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. ஆண்ட்ராய்டு விசைப்பலகை ஒரு சொல் முடியும்வரை அதைத் தற்காலிக நிலையிலேயே வைத்திருக்கும். நானோ ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ளடக்கத்தைச் சேமித்து, சேமித்ததையே மறுபடி எடிட்டருக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். தவறு முழுக்க என்னுடையது. திணிப்பதை நிறுத்தியதும் சரியாயிற்று. எடிட்டரைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே ஒரு கைப்பேசியில் தமிழில் பத்து வரி அடித்துப் பார்த்துவிடுங்கள். செயல்விளக்கப் பக்கத்தை மடிக்கணினியில் பார்த்து மயங்க வேண்டாம்.

உண்மையான தலைவலி, வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதில் இருந்தது. ஐயாவின் கணினியில் இருபது ஆண்டு அறிவிப்புகள் வேர்டு கோப்புகளாக இருக்கின்றன, அத்தனையும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் எழுத்துரு அது. போன ஆண்டு அறிவிப்பை எடுத்துத் தேதியை மாற்றுவதுதான் அவர் வழக்கம். வேர்டிலிருந்து வரும் குப்பையை நீக்கும் நல்லெண்ணத்தில், எழுத்துருப் பெயர்கள் எல்லாவற்றையும் நான் அழித்துக்கொண்டிருந்தேன். விளைவு, திரையில் ஆங்கில எழுத்துக் கூட்டம். புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. அந்தப் பெயர்தானே இது பழைய தமிழ் என்று சொல்லும் ஒரே தடயம்! சுத்தம் செய்கிறேன் என்று அதையும் கூட்டிப் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

ஒட்டப்படும் எச்டிஎம்எல்லை (இணையப் பக்கத்தின் வடிவக் குறிகளோடு கூடிய உரையை) வடிகட்டும் முன் நம் கையில் ஒருமுறை கொடுக்க ப்ரோஸ்மிரரில் வசதி இருக்கிறது. அங்கே எழுத்துருப் பெயரைப் பார்த்து, உரையை யூனிகோடுக்கு மாற்றி அனுப்புகிறேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பழைய முறையில் ‘கோ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும்: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முன்னால் வரவேண்டும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னால். இந்த இடமாற்றத்தை மறந்த என் முதல் முயற்சியில் கோயிலின் பெயரே உடைந்து நின்றது.

படங்களைப் பற்றி ஒரே வரி: அவற்றைத் தனியாகப் பதிவேற்றுங்கள். பேஸ்64 ஆக, அதாவது படத்தையே எழுத்துகளாக மாற்றி, உள்ளடக்கத்துக்குள்ளேயே வைத்தால் 3 எம்பி படம் 4 எம்பி ஆகும், தோட்டத்து இணைப்பில் பக்கம் திறப்பதற்குள் பூசையே முடிந்துவிடும். எடிட்டர் வடிகட்டுகிறதே என்று சர்வரில் வடிகட்டாமல் விடுவதும் ஆபத்து. எடிட்டரைத் தொடாமலே சர்வருக்கு எதையும் அனுப்ப முடியும்.

மாற்றி முடிந்த பிறகு ஐயா ஒரு பழைய தீமிதி அறிவிப்பை ஒட்டிப் பார்த்தார். “எல்லாம் சரி தம்பி, ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது.” அரை நாள் நிரலைக் குடைந்துவிட்டு, கடைசியில் மூலக்கோப்பைத் திறந்தேன். அதிலும் அந்த ஒற்று இல்லை. அதை ஐயாவிடம் இன்னும் சொல்லவில்லை.