சன்சத் டிவி: காலு ஒடிஞ்சு கெடந்து பாத்த ரிவ்யூ

பாபநாசத்துல குளிக்கப் போயி பாறையில வழுக்கி காலு ஒடிஞ்சு, பாளையங்கோட்டையில மாமனார் வீட்டுல ஒரு மாசம் கெடந்தேன், ரிமோட் மாமா கையில, பார்லிமென்ட் நடந்துக்கிட்டு இருந்த நேரம் வேற, அதனால முழுசா பாத்தாச்சு. யூடியூப்ல ஓசியாவே லைவ் வருது. 2021ல லோக்சபா டிவியையும் ராஜ்யசபா டிவியையும் ஒண்ணாக்குனதுதான் இது.

பாக்கணும்னா இப்பிடி பாருங்க. 11 மணிக்கு மக்களவையில கேள்வி நேரம், 12க்கு மாநிலங்களவைக்கு மாத்திருங்க, அங்க அப்பதான் கேள்வி நேரம். மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, அதாவது மந்திரி சபையில வாயாலயே பதில் சொல்லணும்ங்கிற கேள்வி, லிஸ்ட்ல இருக்கும், வாயால பதில் வாறது கொஞ்சத்துக்குத்தான், ஆனா அதுல துணைக்கேள்வி கேப்பாவ பாருங்க, மந்திரி பேப்பரப் பெரட்டுவாரு, அதுக்காகவே பாக்கலாம். கோஷம் ஆரம்பிச்சா போச்சு, மாமா காப்பி போட்டுட்டு வாறதுக்குள்ள ஒத்திவச்சிருவாவ. அந்த நேரம் கேமரா சபாநாயகர் மேலயே நிக்குதுன்னு எதிர்க்கட்சிக்காரங்க ரொம்ப நாளா சொல்லுத கொற.

மாமா யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவுக. ஒரு ஓட்டெடுப்பு அன்னைக்கு நான் நகத்தக் கடிச்சிக்கிட்டு பாக்கேன், அவுக சிரிக்காவ. “என்ன மாப்ள இப்பிடி பாக்கிய, எங்க ஆபீஸ்ல தீர்மானத்த நோட்டுல எழுதிட்டுத்தான் கூட்டத்துக்கே மணியடிப்போம்.”

மேட்டர் அதான். 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி விப்ப, அதாவது இப்பிடித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சிக் கொறடா போடுத உத்தரவ, மீறி ஓட்டுப் போட்டா எம்.பி. பதவியே போயிரும், கட்சி 15 நாளுக்குள்ள மன்னிச்சு விட்டாத்தான் உண்டு. ஆளு விலைக்குப் போகக் கூடாதுன்னுதான் கொண்டாந்தாவ, நியாயமான காரணம், ஆனா சாதாரண மசோதாவுக்கும் அதே கட்டு. மசோதாவ வரி வரியா படிக்கது 1993ல வந்த துறை நிலைக்குழுக்கள்ல, எம்.பி.க்கள் இருக்க குழு அது, அங்க கேமராவே கெடையாது, மசோதாவ அங்க அனுப்பியே ஆகணும்னு கட்டாயமும் இல்ல.

மாத்தலாமேன்னு கேட்டேன். மாத்தணும்னா அரசியல் சட்டத் திருத்தம், ரெண்டு சபையிலயும் ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, மொத்த உறுப்பினர்ல பாதிக்கும் மேல. அந்த ஓட்டயும் விப்புக்கு உள்ள இருந்துக்கிட்டுத்தான போடணும்? எதிர்க்கட்சியா இருக்கையில புழுங்குதவன் ஆட்சிக்கு வந்தா அதே சாட்டைய எடுத்துக்கிடுதான், எந்தக் கட்சியா இருந்தாலும்.

எனக்குப் புடிச்ச ஸ்லாட் வெள்ளிக்கிழம மத்தியானம், தனிநபர் மசோதா, அதாவது மந்திரியா இல்லாத எம்.பி. கொண்டாறது. இதுவர 14தான் சட்டமாச்சு, கடைசி 1970ல. திருச்சி சிவா கொண்டாந்த திருநர் உரிமை மசோதா 2015ல மாநிலங்களவையில நெறவேறுச்சு, மக்களவையத் தாண்டல, 2019ல அரசாங்கம் தனியா ஒரு சட்டம் கொண்டாந்துச்சு.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். கட்டுப் பிரிச்சாச்சு, வெள்ளிக்கிழம மட்டும் இன்னும் பாக்கேன், மாமா போன் போட்டு “பெஞ்சு எத்தன காலி மாப்ள”ன்னு கேப்பாவ.