ஜெட்பேக் நேவிகேஷன்: சில வருட உபயோகமும், ஒரு அப்டேட்டுக்குப் பின் வந்த லைஃப்சைக்கிள் தலைவலியும்

ஆண்ட்ராய்டு ஆப்பில் ஒரு ஸ்கிரீனிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைக் கவனித்துக்கொள்ளும் ஜெட்பேக் நேவிகேஷன் லைப்ரரியை 2.3 வெர்ஷன் காலத்திலிருந்து ஒரே ஆப்பில் உபயோகித்து வருகிறேன். மொத்த வியாபாரக் கடைகளுக்கான சரக்கு, ஆர்டர், கணக்கு ஆப் அது. கீழே மூன்று டேப், உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட ஸ்கிரீன்கள், எல்லாம் ஃபிராக்மென்ட் (ஒரே ஆக்டிவிட்டிக்குள், அதாவது ஆப்பின் ஒரே சாளரத்துக்குள், மாற்றி மாற்றி வைக்கும் ஸ்கிரீன் துண்டு). புதிதாகத் தொடங்கியவர்கள் எழுதும் விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. வருடக் கணக்காகக் கூடவே வாழ்ந்தால் இந்த லைப்ரரி எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அதிகம் படித்ததில்லை, அதனால் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டீப் லிங்க் விஷயத்தில் இதற்கு ஈடு இல்லை. நோட்டிஃபிகேஷனைத் தட்டி நேராக ஒரு ஆர்டருக்குள் போனாலும், பேக் அழுத்தினால் ஒழுங்காக முகப்புக்கு வருகிறது. அந்த பேக் ஸ்டாக்கை, அதாவது பேக் அழுத்தினால் திரும்ப வேண்டிய ஸ்கிரீன்களின் அடுக்கை, நாம் கட்ட வேண்டியதில்லை. பல ஸ்கிரீன்கள் சேர்ந்து ஒரு ஆர்டரை நிரப்பும்போது, அந்த ஸ்கிரீன்கள் அடங்கிய கிராஃப் முழுவதற்கும் ஒரே வியூமாடல் (ஸ்கிரீனுக்கான டேட்டாவை வைத்திருக்கும் பகுதி) வைத்துக்கொள்ளும் வசதியும் அருமை. ஃபிராக்மென்ட் டிரான்ஸாக்‌ஷனைக் கையால் எழுதிய காலத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னால் மாட்டேன்.

சிக்கல் 2.4இல் வந்தது. 2022 ஜனவரியில் அது ஸ்டேபிள் ஆனபோது, எல்லாரும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றைக் கொண்டுவந்தது: டேப்புக்கு ஒரு பேக் ஸ்டாக். ஆர்டர் டேப்பில் மூன்று ஸ்கிரீன் உள்ளே போய்விட்டு, கணக்கு டேப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், விட்ட இடத்திலேயே நிற்கும். பாட்டம் நேவிகேஷனை நேவ்கன்ட்ரோலருடன் (ஸ்கிரீன் மாற்றத்தை நடத்தும் பகுதி) இணைக்கும் அந்த ஒரே ஒரு வரியை மாற்றாமலே இது கிடைக்கும். ரிலீஸ் நோட்டில் அது ஒரு சலுகையாகத்தான் எழுதியிருந்தது. எழுதியதில் பொய் ஏதும் இல்லை.

அப்டேட் செய்து வெளியிட்ட பிறகு ஒரு குடோனிலிருந்து இப்படி ஒரு புகார் வந்தது: "சார், சரக்கு ஏத்தியாச்சு, ஆபீஸ்ல பில்லும் போட்டாச்சு. ஆனா என் போன்ல பழைய ஆர்டரே நிக்குது. ஆப்பை மூடித் திறந்தா சரியாயிடுது." கிராஷ் எதுவும் இல்லை, கன்சோலில் சிவப்புக் கோடும் இல்லை. கடைசி வாக்கியம்தான் துப்பு. மூடித் திறந்தால் சரியாகிறது என்றால் சர்வரில் தப்பில்லை. ஏதோ ஒன்று சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருக்கிறது.

இதில் மோசமான பகுதி என்னவென்றால், லாக்கைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். டேப் மாறும்போது பழைய ஃபிராக்மென்ட் தன் லைஃப்சைக்கிளில், அதாவது பிறப்பிலிருந்து சாவு வரையான படிகளில், ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய்வியூ, ஆன்டெஸ்ட்ராய், ஆன்டிடாச் வரை போகிறது. திரும்பி வந்தால் ஆன்அட்டாச்சிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. 2.3இலும் இதே வரிசை, 2.4இலும் இதே வரிசை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஃபிராக்மென்ட் உண்மையிலேயே செத்துப் பிறக்கிறது. ஆனால் அதன் வியூமாடல் சாவதில்லை. பழைய வெர்ஷனில் டேப்பை விட்டுப் போனால் அந்த ஸ்கிரீன் பேக் ஸ்டாக்கிலிருந்தே தூக்கப்படும், வியூமாடல் சாகும்போது அழைக்கப்படும் ஆன்கிளியர்டு ஓடும். புதிய வெர்ஷனில் பேக் ஸ்டாக்கைத் தூக்கும் முன் சேமித்து வைக்கிறார்கள். வியூமாடலும் அந்தச் சேமிப்போடு உயிரோடு இருக்கிறது.

எங்கள் ஆப்பில் பட்டியலை சர்வரிலிருந்து இழுக்கும் வேலை வியூமாடல் உருவாகும்போது ஒருமுறை மட்டும் ஓடும் இனிட் பிளாக்கில் இருந்தது. அந்தக் காலத்து எடுத்துக்காட்டுக் கோடில் பாதி அப்படித்தான் இருக்கும். டேப்புக்கு வரும்போதெல்லாம் புது வியூமாடல், புது இனிட், புதுப் பட்டியல். யாரும் எழுதி வைக்காத ஒரு ரிஃப்ரெஷ் வசதி, லைப்ரரியின் குறையால் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. குறையைச் சரிசெய்ததும் வசதி போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. முதல் டேப்பான சரக்கு ஸ்கிரீனில் மட்டும் இந்தப் புகார் வரவே இல்லை. காரணம், ஸ்டார்ட் டெஸ்டினேஷன், அதாவது ஆப் தொடங்கும் ஸ்கிரீன், எந்த வெர்ஷனிலும் பேக் ஸ்டாக்கின் அடியில் தங்கிவிடும். அதன் வியூமாடல் முன்பிருந்தே சாகாது. அதனால் அந்த ஸ்கிரீனுக்கு மட்டும் ஸ்கிரீன் முன்னுக்கு வரும்போதெல்லாம் ஓடும் ஆன்ரெஸ்யூமில் தனி ரிஃப்ரெஷ் எழுதப்பட்டிருந்தது. ஏன் அந்த ஒரு ஸ்கிரீன் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்று கோடைப் படித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். பதில் அப்போதுதான் கிடைத்தது.

கண்டுபிடிக்க உதவியவை சில. ஃபிராக்மென்ட் மேனேஜரில் லைஃப்சைக்கிள் கால்பேக்கை ரிகர்சிவாகப் பதிவுசெய்து, ஒவ்வொரு நிகழ்வோடும் ஃபிராக்மென்ட், வியூமாடல் இரண்டின் ஐடென்டிட்டி ஹேஷ்கோடையும் (ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்) அச்சிட வேண்டும். ஃபிராக்மென்டின் எண் மாறுகிறது, வியூமாடலின் எண் மாறவில்லை என்பது அடுத்தடுத்த இரண்டு வரியில் பளிச்சென்று தெரிந்துவிடும். இன்னொன்று, ஆன்கிரியேட்டுக்கு வரும் சேவ்டு இன்ஸ்டன்ஸ் ஸ்டேட் (முன்பு சேமித்து வைத்த நிலை). டேப் மாறித் திரும்பும்போது முன்பு அது நல் (null, அதாவது காலி) ஆக இருக்கும். இப்போது நிரம்பி வருகிறது. ஃபிராக்மென்ட் மேனேஜரின் டீபக் லாக்கிங்கை ஆன் செய்தால் விவரம் கொட்டும், ஆனால் அதில் தேவையானதைத் தேடுவதற்குள் கண் கட்டிவிடும். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் ஏடிபியில் டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி டாப் கொடுத்து, அந்த நொடியில் எந்த ஃபிராக்மென்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று படம் எடுத்த மாதிரி பார்ப்பது எனக்கு அதைவிடப் பிடித்தது.

ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடிலில் மாற்றியது ஒரே வரி என்று நம்பி உட்காரக் கூடாது. எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று காட்டும் டிபென்டென்சி இன்சைட் ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது: நேவிகேஷன் 2.4 தன்னோடு ஃபிராக்மென்ட் 1.4ஐயும் இழுத்து வருகிறது. 1.2இல் இருந்த ஆப் இப்படி 1.3ஐத் தாண்டிக் குதித்துவிடும். அந்த 1.3இல்தான் ஃபிராக்மென்ட் மேனேஜரின் உள்ளே ஸ்டேட் மேனேஜரை முழுக்கத் திருப்பி எழுதினார்கள். சந்தேகம் வந்தால் பழையதுக்கே மாறிக்கொள்ள 1.3இல் ஒரு சுவிட்ச் இருந்தது, 1.4இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, ஏதாவது உடைந்தால் காரணம் நேவிகேஷனா ஃபிராக்மென்டா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகும். முதலில் ஃபிராக்மென்டை மட்டும் 1.3க்கு ஏற்றி, சுவிட்சைப் போட்டும் எடுத்தும் பார்த்துவிட்டு, அப்புறம் நேவிகேஷனைத் தொடுவதுதான் ஒழுங்கான வழி. இப்போது எந்த லைப்ரரியை ஏற்றினாலும் இன்சைட் வெளியீட்டை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடாமல் மெர்ஜ் செய்வதில்லை.

பட்டியல் பழசாக நிற்பதைவிடப் பெரிய வினை பின்னால் இருந்தது. ஆர்டர் நிலையை அவ்வப்போது சர்வரில் கேட்கும் போலிங் வியூமாடலில் தொடங்கி, ஆன்கிளியர்டில் நிற்கும்படி இருந்தது. ஆன்கிளியர்டு வராததால் அது நிற்கவே இல்லை. பயனர் கணக்கு டேப்பில் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியாத ஆர்டர் டேப் சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. இதை யாரும் புகாராகச் சொல்லப்போவதில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று போனைத்தான் திட்டுவார்கள்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பாட்டம் நேவிகேஷனை இணைக்கும் அதே செட்டப் ஃபங்ஷனுக்கு சேவ்ஸ்டேட் ஃபால்ஸ் என்று கொடுத்தால் பழைய நடத்தை திரும்பிவிடும். எக்ஸ்பெரிமென்டல் முத்திரை குத்தியிருக்கும். பரவாயில்லை, ஒரு ரிலீஸுக்குத் தாங்கும். புகாரை நிறுத்திவிட்டு நிதானமாகச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

நிரந்தரத் தீர்வில், டேட்டாவை இழுப்பதை வியூமாடலின் பிறப்பிலிருந்து பிரித்து, யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதோடு கட்டினோம். ஸ்கிரீன் பக்கத்தில் வியூலைஃப்சைக்கிள்ஓனரில் ரிப்பீட்ஆன்லைஃப்சைக்கிள், ஸ்டார்ட்டட் நிலை, அதாவது ஸ்கிரீன் கண்ணில் தெரியும்போது மட்டும். வியூமாடல் பக்கத்தில் ஃப்ளோவை (தொடர்ந்து டேட்டா தரும் ஓடை) ஸ்டேட்இன்னில் போட்டு, வைல்சப்ஸ்கிரைப்டு 5000 (மில்லிவிநாடி). ஸ்கிரீனைச் சுழற்றும்போது வியூ செத்துப் பிறக்கும் அந்தச் சிறு இடைவெளியில் ஃப்ளோ அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 5 விநாடி. போலிங்கையும் அதே ஃப்ளோவுக்குள் இழுத்துவிட்டால், பார்ப்பவர் போன 5 விநாடியில் அதுவும் நின்றுவிடும். டேப் விட்ட இடத்தில் நிற்கிறது, ஸ்க்ரோல் மாறுவதில்லை, பட்டியல் மட்டும் புதிது. 2.4 தர நினைத்ததை அப்போதுதான் முழுசாக வாங்கிக்கொண்டோம்.

இங்கே ரிப்பீட்ஆன்லைஃப்சைக்கிளுக்குப் பதிலாக லான்ச்வென்ஸ்டார்ட்டட் உபயோகித்தால் ஏமாந்துவிடுவீர்கள். அது கொரூட்டின் என்ற, இடையில் நிறுத்தக்கூடிய வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்குமே தவிர ரத்து செய்யாது. மேலே உள்ள ஃப்ளோ உயிரோடு இருக்கும், போலிங் தொடரும். பின்னாளில் அதை டெப்ரிகேட் செய்ததில், அதாவது இனி வேண்டாம் என்று ஒதுக்கியதில், எனக்கு வருத்தமே இல்லை.

டயலாக் பற்றியும் ஒரு வார்த்தை. நேவ் கிராஃபில் டயலாக்கை டெஸ்டினேஷனாக வைத்தால், அது திறந்திருக்கும்போது அடியில் உள்ள ஃபிராக்மென்ட் தன்னை ரெஸ்யூம்டு என்றே சொல்லும். அதே ஸ்கிரீனின் நேவ்பேக்ஸ்டாக்என்ட்ரியை, அதாவது பேக் ஸ்டாக்கில் அதற்குள்ள பதிவை, கேட்டால் ஸ்டார்ட்டட் என்று சொல்லும். ஒரே ஸ்கிரீனுக்கு இரண்டு லைஃப்சைக்கிள், இரண்டு பதில். டயலாக்கிலிருந்து திரும்பி வரும் முடிவை, அது மூடிய பிறகே கையாள வேண்டும் என்றால் என்ட்ரியின் லைஃப்சைக்கிளைத்தான் கவனிக்க வேண்டும். டாக்குமென்டேஷனில் இது இருக்கிறது, ஆனால் தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

டெஸ்டிங்கில் டெவலப்பர் ஆப்ஷனில் உள்ள "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" போட்டுப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஆக்டிவிட்டி சாகிறது, பிராசஸ் சாகாது. ஸ்டேட்டிக்காக வைத்ததெல்லாம் அப்படியே இருக்கும். நிஜ பிராசஸ் மரணத்தைப் பார்க்க, ஹோம் பட்டனை அழுத்தி ஆப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, ஏடிபி ஷெல்லில் ஏஎம் கில் கொடுத்து, ரீசன்ட்ஸிலிருந்து திறக்க வேண்டும். செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால் சேமித்த ஸ்டேட்டும் சேர்ந்து போய்விடும், அதனால் அது கணக்கில் சேராது.

அதற்குப் பிறகு வந்த வெர்ஷன்களில் இந்த ஆப்பில் பெரிதாக எதுவும் உடையவில்லை. ஃபிராக்மென்டுக்குப் பதிலாக கம்போஸில் (ஸ்கிரீனைக் கோட்லின் கோடாகவே எழுதும் புதிய முறை) எழுதுபவர்களுக்கு 2024இல் லைஃப்சைக்கிள் லைப்ரரியின் 2.8 வெர்ஷன் வேறு ஒரு சுவை காட்டியது: லோக்கல்லைஃப்சைக்கிள்ஓனரை கம்போஸ் யூஐயிலிருந்து லைஃப்சைக்கிள் லைப்ரரிக்கு நகர்த்தியதால், கம்போஸ் 1.6ஐ அப்படியே வைத்துக்கொண்டு லைஃப்சைக்கிளை மட்டும் ஏற்றியவர்களுக்கு ஆப் திறந்ததுமே கிராஷ். திறந்ததும் விழுந்தால் பரவாயில்லை என்பேன். பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும்.

நேவிகேஷன் 3ஐ 2025இல் அறிவித்தபோது பார்த்தேன். கம்போஸுக்கு மட்டும், பேக் ஸ்டாக் ஒரு சாதாரண லிஸ்டாக நம் கையிலேயே இருக்கிறது, லைப்ரரி ஒளித்து வைப்பதில்லை. பிடித்திருக்கிறது. ஆனால் ஸ்கிரீன் அளவில் வியூமாடல் வேண்டுமென்றால் அதற்கான டெக்கரேட்டரை (ஒவ்வொரு ஸ்கிரீனையும் சுற்றி வைக்கும் துணைப் பகுதி) நாமே சேர்க்க வேண்டும். மறந்தால் வியூமாடல் ஆக்டிவிட்டியோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்கிரீன் போனாலும் அது போகாது. எங்கள் ஆப் ஃபிராக்மென்டிலேயே இருக்கிறது, இப்போதைக்கு மாற்றும் எண்ணமில்லை. புதிதாகத் தொடங்கும் சின்ன ஆப் ஒன்றில் மட்டும் நேவிகேஷன் 3ஐப் போட்டிருக்கிறேன், டெக்கரேட்டரோடு.