ரங்கூன்ல ஞாயித்துக்கிழமை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ், போலாமா வேணாமா?

காளி கோயில்ல இருந்து நடக்கிற தூரம்தான், ஆனா ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பத்து ஞாயிறு ஏறி இறங்கிட்டு எழுதுறேன். குறையும் சொல்லப்போறதால பேரு போடல.

எனக்கு வேலை பருப்பு குடோன்ல, இந்தியாவுக்குப் போற உளுந்துக்கு ஈரப்பதம் பாத்து எழுதிக் குடுக்கணும். காலேஜ்ல ஸ்டாட்ஸ் படிச்சுப் பாஸும் பண்ணேன், ஃபார்முலாவ எல்லாம் பரீட்சை ஹால்லயே வச்சிட்டு வந்துட்டேன் அவ்ளோதான்.

சயா (பர்மிய மொழியில வாத்தியார்னு அர்த்தம்; இவர் தமிழ்க்காரர்தான், ஆனா எல்லாரும் சயான்னுதான் கூப்பிடுவோம்) மொத நாளே "உன் வேலையில இருந்து அஞ்சு நம்பர் கொண்டா தம்பி"ன்னுட்டார். அஞ்சு மூட்டையோட ஈரப்பதம் சதவீதத்துல, 10.8, 11.4, 10.9, 12.1, 11.3. சராசரி 11.3, வாங்குறவர் கேக்குறது 12க்குள்ள, நான் சரியாத்தானே இருக்குன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே கால்குலேட்டர தட்டச் சொன்னார், அதுல ரெண்டு பட்டன் இருக்கு பாருங்க, ஒண்ணு அஞ்சால வகுக்கும், இன்னொண்ணு நாலால, நான் இவ்ளோ நாளா தப்பானதத்தான் அமுக்கிட்டு இருந்திருக்கேன்! நாலால வகுத்தா விலக்கம் (நம்பருங்க சராசரியச் சுத்தி எவ்ளோ சிதறிக் கிடக்குங்கிற அளவு) 0.51 வருது. அப்புறம் 95 சதவீத நம்பிக்கையோட எல்லை போட மனப்பாடம் பண்ண 1.96 இங்க செல்லாதாம், அஞ்சே நம்பருக்கு டி டேபிள்ங்கிற அட்டவணையில இருக்கிற 2.776 போடணும். கின்னஸ் பீர் கம்பெனியில வேலை பாத்த கோசெட்ங்கிறவர் 1908ல 'ஸ்டூடன்ட்'னு புனைபேர்ல எழுதினது இந்தச் சின்ன சாம்பிள் சமாச்சாரம்தான், பீருக்கு வந்த தலைவலி நம்ம உளுந்துக்கும் ஒத்துப்போகுது.

கணக்குப்படி சராசரி 10.66ல இருந்து 11.94க்குள்ள. அப்பாடான்னு இருந்தேன். "அது குடோனோட சராசரிக்குத்தான், அடுத்து பிரிக்கிற ஒரு மூட்டைக்கு?"ன்னார். போட்டுப் பாத்தா 9.7ல இருந்து 12.9 வரைக்கும் போகுது. இத எனக்கு காலேஜ்ல யாரும் பிரிச்சுச் சொன்னதே இல்ல, குடுத்த காசு அந்த ஒரு மத்தியானத்துக்கே சரியாப்போச்சு. இன்னொண்ணும் கேட்டார், மூட்டைய எங்கருந்து எடுத்தேன்னு. வாசல் பக்கம் கைக்கு எட்டுறதத்தான்! செவுத்தோரம் அடியில கிடக்குறது மழைக்காலத்துல எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும். வாசல்ல எடுத்த அஞ்ச வச்சு எந்த டேபிளப் பாத்தும் பிரயோஜனம் இல்ல.

இப்ப குறை. மொத ஆறு வாரம் ஆற அமர நடத்திட்டு ரிக்ரெஷன் (ஒரு அளவ வச்சு இன்னொண்ணக் கணிக்கிறது), அனோவா (பல குழுவோட சராசரிய ஒப்பிடுறது) ரெண்டையும் கடைசியில ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டார். சோதனைய எப்படித் திட்டம் போடுறதுங்கிறதுக்கு அரை மணி நேரம்தான், எஞ்சினியருங்களுக்கு அதுதானே மொதல்ல வேணும், கூடப் படிச்ச கான்கிரீட் கம்பெனி அண்ணன் அதுக்காகத்தான் வந்ததாச் சொல்லி ரொம்ப வருத்தப்பட்டார். நோட்ஸ் ஜெராக்ஸ்ல டி டேபிள் பாதி அழிஞ்சு கிடக்கு, 2.776ஐயே நான் போன்லதான் தேடினேன். இந்தக் கணக்கெல்லாம் போடுற ஆர் (R) சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனா சயா லேப்டாப்ல மட்டும் காட்டுவார், கரண்ட் போனா அதுவும் போச்சு, அப்புறம் போன் லைட்டுல பலகைதான். டீ மட்டும் நல்லா குடுக்குறாங்க.

பரீட்சைக்கு மார்க் வாங்கப் போறவங்க போகாதீங்க, அவர் பாடத்திட்டம் பாக்குற ஆளே இல்ல. கையில சொந்த டேட்டா இருக்குறவங்க போங்க, ரெண்டு பட்டன் உள்ள கால்குலேட்டரும் முழங்காலுக்குத் தைலமும் எடுத்துக்கிட்டு. அடுத்த பேட்ச் ஏப்ரல்ல வர்ற பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழா முடிஞ்சதும்னார்.