என்ஜின் கேஸ்: பெயின்ட் அடிக்கலாமா, வெறுமனே விடலாமா?

ஏர்-கூல்டு (காற்றால் குளிரும்) என்ஜினைப் பிரித்துக் கோக்கும்போது, அதன் வெளி உலோகக் கூடான கேஸுக்குப் பெயின்ட் அடித்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். மெல்லிய ஒரு கோட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம். சூட்டைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிலிண்டரிலும் ஹெட்டிலும் உள்ள ஃபின்களும் (மெல்லிய உலோகத் தகடுகள்) ஆயிலும்தான். தடிமனான பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) மட்டும் கூடாது.

வெறும் அலுமினியம் மங்கும், அவ்வளவுதான், அப்படியே விடலாம். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் மெக்னீசியம் கேஸ் அப்படியல்ல. ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். அதற்கு நான் பெயின்ட் பக்கம்தான்.

ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். மூலையில் ஆயில் பிசுக்கு மிஞ்சினாலும் அந்த இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். கேஸின் இரு பாதிகள் சேரும் முகங்கள், பேரிங் உட்காரும் இடங்கள், ஸ்டட் (திருகுக் கம்பி) துளைகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பீட்டில் கேஸின் இணைப்பில் கேஸ்கெட் கிடையாது. அங்கே பெயின்ட் படிந்தால் பேரிங் பிடிப்பே மாறிவிடும்.